இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழா

இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழா என்பது இந்திய நடுவண் அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சு, கோவா மாநில அரசுடன் இணைந்து ஆண்டுதோறும் நடத்தும் திரைப்பட விழா ஆகும். 1952ஆம் ஆண்டில் மும்பையில் (அன்றைய பம்பாய்) முதன்முதலாக நடைபெற்ற இவ்விழா, ஆசியாவில் நடத்தப்பட்ட முதல் பன்னாட்டுத் திரைப்பட விழாவாகக் கருதப்படுகின்றது. 2004ஆம் ஆண்டிலிருந்து கோவா மாநிலத்தின் தலைநகரான பணஜியில் நடைபெற்று வருகின்றது. வழக்கமாக நவம்பர் 20 முதல் 28 வரை ஒன்பது நாட்கள் நிகழும். விழாவின் முதன்மைப் பரிசு தங்க மயில் விருது ஆகும்.

தமிழ் நாளிதழ்கள் இவ்விழாவை "இந்திய சர்வதேசத் திரைப்பட விழா" என்றும் "கோவா திரைப்பட விழா" என்றும் எழுதுவதுண்டு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து "இஃபி" என அழைப்பதும் வழக்கில் உள்ளது. ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் தேசியத் திரைப்பட விருதுகளும் இவ்விழாவின் விருதுகளும் வேறு வேறானவை. நெடுங்காலம் இரண்டையும் ஒரே அலுவலகம் நிருவகித்து வந்ததால் பலர் இவற்றை ஒன்றெனக் கொள்கின்றனர். தேசிய விருதுகள் இந்தியப் படங்களுக்கு மட்டுமே உரியவை. தங்க மயிலுக்கு எந்த நாட்டுப் படமும் போட்டியிடலாம்.

பின்னணி

திரைப்பட விழா என்னும் வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது. 1932இல் இத்தாலியின் வெனிசு நகரில் நடந்ததே முதல் விழா. பிரான்சின் கான் விழா 1939இல் தொடங்கத் திட்டமிடப்பட்டு, இரண்டாம் உலகப் போரினால் தடைப்பட்டு, 1946இல் தொடங்கியது. அந்த முதல் கான் விழாவிலேயே சேத்தன் ஆனந்த் இயக்கிய "நீச்சா நகர்" என்னும் இந்திப்படம், உயரிய பரிசைப் பிற நாட்டுப் படங்கள் சிலவற்றுடன் பகிர்ந்து கொண்டது. 1951இல் பெர்லின் விழா தொடங்கியது.

அக்காலத்தில் ஓர் இந்திய இரசிகருக்குத் தாய்மொழிப் படங்களும் இந்திப் படங்களும் காணக் கிடைத்தன. பெருநகரங்களில் ஆலிவுட் படங்களும் வந்தன. இத்தாலியிலோ யப்பானிலோ எடுக்கப்பட்ட படங்களைக் காணும் வாய்ப்பு அநேகமாக இல்லை. கல்கத்தாவில் 1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலானோர் தொடங்கிய திரைப்படக் கழகம் போன்ற ஓரிரு அமைப்புகளே விதிவிலக்கு. இப்பின்னணியை நினைவிற் கொண்டால்தான் 1952ஆம் ஆண்டு விழாவின் தாக்கம் விளங்கும்.

வரலாறு

முதல் விழா (1952)

முதல் விழா 1952 சனவரி 24 அன்று பம்பாயில் தொடங்கி பெப்ரவரி 1 வரை நடந்தது. பிரதமர் சவகர்லால் நேருவின் ஆதரவுடன், அரசின் திரைப்படப் பிரிவு இதனை நடத்தியது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் பங்கு கொண்டன. ஏறத்தாழ 40 முழுநீளப் படங்களும் 100 குறும்படங்களும் காட்டப்பட்டன. பம்பாயில் முடிந்த பின் படச்சுருள்கள் சென்னை, தில்லி, கல்கத்தா முதலிய நகரங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கும் திரையிடப்பட்டன. ஒரே விழா ஊர் ஊராகச் சென்றது எனலாம். பரிசு எதுவும் வழங்கப்படவில்லை.

இந்தியாவின் சார்பில் நான்கு முழுநீளப் படங்கள் இடம்பெற்றன. ராஜ் கபூரின் "ஆவாரா" (இந்தி), வி. சாந்தாராமின் "அமர் பூபாளி" (மராத்தி), "பாப்லா" (வங்காளி), "பாதாள பைரவி" (தெலுங்கு) என்பன அவை. இவற்றுள் பாதாள பைரவி சென்னையில் விஜயா நிறுவனத்தாரால் தயாரிக்கப்பட்டு, கே. வி. ரெட்டி இயக்கத்தில் 1951இல் வெளிவந்தது. அதே ஆண்டில் இதன் தமிழ் வடிவமும் திரைக்கு வந்தது. அவ்வகையில் முதல் விழாவில் தென்னிந்தியாவின் ஒரே சார்பாளராக நின்றது சென்னைப் படப்பிடிப்புத் தளத்தில் உருவான படமே.

அமெரிக்கக் குழுவில் புகழ்பெற்ற இயக்குனர் பிராங்க் காப்ரா வந்திருந்தார். ஆயினும் விழாவில் பெரிதும் பேசப்பட்டவை இத்தாலியப் படங்களே. விட்டோரியோ டி சிக்காவின் "சைக்கிள் திருடர்கள்", "மிலானில் அற்புதம்", ரொபேர்தோ ரொசெல்லினியின் "ரோம், திறந்த நகரம்" ஆகியன காட்டப்பட்டன. படப்பிடிப்புத் தளத்தை விட்டு வெளியேறித் தெருவில், தொழில்முறை நடிகரல்லாதவரையும் நடிக்க வைத்து, எளியோரின் அன்றாட வாழ்வைப் படமாக்கும் இம்முறை புதிய யதார்த்தவாதம் எனப்படும். அரங்கச் சீலைகளுக்கும் பாடல்களுக்கும் பழகிய இந்தியப் படைப்பாளிகளுக்கு இது புதுமையாக இருந்தது. இயக்குனர் பிமல் ராய் இவ்விழாவில் "சைக்கிள் திருடர்கள்" படத்தைக் கண்ட பின்னரே "தோ பீகா சமீன்" (1953) படத்தை எடுத்தார். தன் இரண்டு காணி நிலத்தை மீட்பதற்காகக் கல்கத்தா சென்று கைரிக்சா இழுக்கும் உழவனின் கதை அது. அப்படம் 1954இல் கான் விழாவில் பரிசு பெற்றது.

சத்யஜித் ராயின் "பதேர் பாஞ்சாலி" படமும் இவ்விழாவின் விளைவே எனச் சில இடங்களில் எழுதப்படுவதுண்டு. இது முழுவதும் சரியன்று. ராய் "சைக்கிள் திருடர்கள்" படத்தை 1950ஆம் ஆண்டிலேயே இலண்டனில் பார்த்துவிட்டார். எனினும் பதேர் பாஞ்சாலியின் படப்பிடிப்பு 1952 அக்டோபரில், அதாவது விழா நடந்த அதே ஆண்டில் தொடங்கியது என்பது கருதத்தக்கது.

போட்டி விழாவாக மாறியமை (1961–1987)

இரண்டாவது விழா ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1961இல் புது தில்லியில் நடந்தது. இதுவும் போட்டியற்ற விழாவே. இதற்கிடையில் 1959 திசம்பரில் கல்கத்தா, தில்லி, பம்பாய், சென்னை, பாட்னா, ரூர்க்கி ஆகிய ஊர்களின் திரைப்படக் கழகங்கள் ஒன்று சேர்ந்து இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பை உருவாக்கியிருந்தன. ராய் அதன் தலைவரானார். விழாவிற்கு வரும் படங்களைத் தேடிப் பார்க்கும் ஒரு கூட்டத்தை இக்கழகங்களே வளர்த்தெடுத்தன.

1965 சனவரியில் புது தில்லியில் நடந்த மூன்றாவது விழாவே இன்றைய விழாவின் உண்மையான தொடக்கம் என்பது பொருந்தும். அவ்வாண்டில்தான் போட்டிப் பிரிவு சேர்க்கப்பட்டது. பாரிசு நகரைத் தலைமையகமாகக் கொண்ட திரைப்படத் தயாரிப்பாளர் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு, கான், பெர்லின், வெனிசு விழாக்களுக்கு நிகராக "அ" தரத்தை இவ்விழாவிற்கு வழங்கியது. சத்யஜித் ராய் நடுவர் குழுவின் தலைவராக இருந்தார். முதல் தங்க மயிலை வென்றது இலங்கைப் படம் ஒன்று. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் சிங்கள நாவலைத் தழுவி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய "கம்பெரலிய" என்பதே அப்படம். சிற்றூர் ஒன்றின் பழைய நிலவுடைமைக் குடும்பம் மெல்லச் சரிவதையும், வணிகம் வழியாகப் புதிய நடுத்தர வர்க்கம் எழுவதையும் அது காட்டுகின்றது. இலங்கைத் திரைப்படத்திற்குப் பன்னாட்டு விழா ஒன்றில் கிடைத்த முதல் பெரும் சிறப்பாக இது கொள்ளப்படுகின்றது. இந்திய அரசு நடத்திய போட்டியில், இந்தியர் தலைமையிலான நடுவர் குழு, சிறிய அண்டை நாட்டின் படத்திற்கு முதற்பரிசு அளித்தது விழாவின் நம்பகத்தன்மைக்கு வலுச் சேர்த்தது.

நான்காவது விழா 1969 திசம்பரில் நடந்தது. இத்தாலிய இயக்குனர் லூக்கினோ விஸ்கோந்தியின் "தி டேம்ண்ட்" படம் தங்க மயில் பெற்றது. 1973இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சின் கீழ் திரைப்பட விழாக்கள் இயக்ககம் நிறுவப்பட்டு, விழாப் பொறுப்பு அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1974–75இல் நடந்த ஐந்தாவது விழாவிலிருந்து மயில் உருவம் விழாவின் நிலையான சின்னமானது. மயில் 1963இல் இந்தியாவின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டிருந்தது. "உலகமே ஒரு குடும்பம்" எனப் பொருள்படும் சமற்கிருதத் தொடர் குறிக்கோளுரையாக ஏற்கப்பட்டது.

1977ஆம் ஆண்டு விழாவிற்கு அகிரா குரோசாவாவும் மிக்கேலாஞ்சலோ அந்தோனியோனியும் வந்திருந்தனர். இருவரும் ராயுடன் தாஜ் மகாலின் முன் நிற்கும் ஒளிப்படம் திரைப்பட இரசிகரிடையே இன்றும் பெயர் பெற்றது.

திரைப்பட உற்சவம்

போட்டி விழா ஈராண்டுக்கு ஒருமுறை தில்லியில் நடந்து வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், போட்டியற்ற விழா ஒன்று வேறு திரைப்பட நகரங்களில் "பிலிமோத்சவ்" (திரைப்பட உற்சவம்) என்னும் பெயரில் நடத்தப்பட்டது. பம்பாய் (1976), சென்னை (1978), பெங்களூர் (1980), கல்கத்தா (1982), மீண்டும் பம்பாய் (1984), ஐதராபாத் (1986), திருவனந்தபுரம் (1988) ஆகிய நகரங்கள் இதனை ஏற்று நடத்தின. தில்லிக்குச் செல்ல இயலாத தென்னிந்திய மாணவர்களுக்கும் உதவி இயக்குனர்களுக்கும் உலகத் திரைப்படம் அறிமுகமானதில் இவ்வுற்சவங்களின் பங்கு பெரிது. 1978இல் "இந்தியன் பனோரமா" என்னும் பிரிவும் தொடங்கப்பட்டது. இதைப் பற்றிக் கீழே காண்க.

இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. அக்காலத்தில் விழா அரங்குகளின் முன் நின்ற நீண்ட வரிசைகள் அனைத்தும் கலை ஆர்வத்தால் உண்டானவை அல்ல. திரைப்படச் சட்டம், 1952இன்படி பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவை. அரசு நினைத்தால் அதே சட்டத்தின் 9ஆவது பிரிவின் கீழ் விலக்கு அளிக்கலாம். விழாப் படங்கள் இவ்விலக்கின் வழியாக வெட்டின்றிக் காட்டப்பட்டதால், அதற்காகவே நுழைவுச் சீட்டு தேடியவர்களும் பலர். இந்த 9ஆவது பிரிவு பின்னாளில் வேறொரு வகையில் முக்கியத்துவம் பெற்றது.

1987ஆம் ஆண்டு விழா 11ஆவது எனவும் 2004ஆம் ஆண்டு விழா 35ஆவது எனவும் எண்ணப்படுகின்றன. ஆண்டுகளைக் கழித்துப் பார்ப்பவர் இங்கு குழம்பக்கூடும். தனிப்பெயரில் நடந்த திரைப்பட உற்சவங்களும் பின்னர் இதே வரிசையில் சேர்த்து எண்ணப்பட்டதே இதற்குக் காரணம்.

ஊர் மாறிய ஆண்டுகள் (1989–2003)

1987க்குப் பின் போட்டிப் பிரிவு நிறுத்தப்பட்டது. 1989 முதல் இரு விழாக்களும் ஒன்றாக்கப்பட்டு, ஆண்டுதோறும் ஒரே பெயரில் நடந்தன. கல்கத்தா, சென்னை, பெங்களூர், பம்பாய், திருவனந்தபுரம், ஐதராபாத் என விழா மீண்டும் ஊர் ஊராகச் சென்றது. இடையிடையே தில்லிக்குத் திரும்பியது. சென்னையில் 1991 சனவரியில் நடந்தது. அதன் பின் இவ்விழா தமிழ்நாட்டிற்கு வரவில்லை.

போட்டி இல்லாத விழாவிற்குப் புதிய படங்களைத் தருவதற்குத் தயாரிப்பாளர்கள் தயங்கினர். இதனால் 1996இல் ஆசியப் பெண் இயக்குனர்களின் படங்களுக்கு மட்டுமெனப் போட்டி மீண்டும் தொடங்கப்பட்டது. பின்னர் அது ஆசிய இயக்குனர்கள் அனைவருக்குமாக விரிந்தது. 2000ஆம் ஆண்டில் ஜெயராஜ் இயக்கிய "கருணம்" என்னும் மலையாளப் படம் தங்க மயில் வென்றது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளின் வருகையை எதிர்நோக்கிக் காத்திருக்கும் முதிய தம்பதியரின் கதை அது.

கோவாவில் (2004 முதல்)

கான் நகரைப் போல, விழாவிற்கென ஒரே நிலையான ஊர் வேண்டும் என்னும் கருத்து நெடுநாளாக இருந்து வந்தது. மனோகர் பரிக்கர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கோவா அரசு இதற்கு முன்வந்தது. பணஜியில் பல்திரை அரங்கு ஒன்று புதிதாகக் கட்டப்பட்டது. கோவாவின் சார்பில் விழாவை நடத்தக் கோவா பொழுதுபோக்குக் கழகம் அமைக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டின் இறுதியில் 35ஆவது விழா அங்கு நடந்தது. மாண்டவி ஆற்றங்கரையில் அமைந்த இவ்வரங்கும் அருகிலுள்ள கலா அகாதமியும் முதன்மைத் திரையிடல் இடங்களாயின.

திரைப்படத் தொழில் பெரிதாக இல்லாத சிறிய மாநிலத்திற்கு விழாவைக் கொண்டு செல்வது பொருந்துமா என்னும் கேள்வி அப்போது எழுந்தது. சுற்றுலா வளரும் என்பது கோவாவின் கணக்கு. சென்னை, கொல்கத்தா, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களின் இரசிகர்கள் தங்கள் ஊருக்கு விழா வரும் வாய்ப்பை இழந்தனர் என்பது மறுபக்கம். சென்னையிலிருந்து செல்லும் மாணவர், பதிவுக் கட்டணத்தைக் காட்டிலும் தொடர்வண்டிக்கும் தங்குமிடத்திற்கும் கூடுதலாகச் செலவிட வேண்டியுள்ளது.

2007 முதல் இந்திய தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் விழாவையொட்டித் "திரைப்படச் சந்தை" ஒன்றை நடத்தி வருகின்றது. எடுத்து முடியாத படங்களுக்கு நிதியும், முடிந்த படங்களுக்கு வெளிநாட்டு விற்பனையாளர்களும் இங்கு தேடப்படுகின்றனர். "தி லஞ்ச்பாக்ஸ்", "தித்லி" முதலிய படங்கள் இச்சந்தையின் வழியாக வந்தவையே.

2020ஆம் ஆண்டு விழா கொரோனா பெருந்தொற்றினால் தள்ளிவைக்கப்பட்டு, 2021 சனவரி 16 முதல் 24 வரை, பாதி அரங்கிலும் பாதி இணையத்திலுமாக நடந்தது. 2022இல் திரைப்பட விழாக்கள் இயக்ககம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. இதன் பின் விழாவை நடத்தும் பொறுப்பு அக்கழகத்திடம் உள்ளது.

இந்தியன் பனோரமா

இந்தியன் பனோரமா என்பது அவ்வாண்டின் தேர்ந்த இந்தியப் படங்களைத் தொகுத்துக் காட்டும் பிரிவு ஆகும். இதற்குப் பரிசு கிடையாது. தேர்வு பெறுவதே சிறப்பு. இயக்குனர்கள், நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் அடங்கிய தேர்வுக் குழு முழுநீளப் படங்களைத் தேர்கின்றது. குறும்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் தனிக் குழு உண்டு. அண்மைக் காலத்தில் சுமார் 25 முழுநீளப் படங்களும் 20 பிற படங்களும் தேர்வு பெறுகின்றன. வெளிநாட்டு விழாக்களின் தேர்வாளர்கள் இந்தியப் படங்களை ஒரே இடத்தில் காண உதவுவதால், சிறு முதலீட்டுப் படங்களுக்கு இது பயனுடையது.

தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை 2018ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. "பரியேறும் பெருமாள்", "பேரன்பு", "டூலெட்", "பாரம்" ஆகிய நான்கும் அவ்வாண்டில் தேர்வாகின. சாதி, மாற்றுத்திறன், வாடகை வீடு, முதியோர் கொலை என நான்கும் நான்கு திக்கில் நிற்பவை. அடுத்த ஆண்டில் "ஒத்த செருப்பு சைஸ் 7", "ஹவுஸ் ஓனர்" ஆகியவையும், 2020இல் "அசுரன்", "தேன்" ஆகியவையும் இடம்பெற்றன.

விருதுகள்

தங்க மயில்

பன்னாட்டுப் போட்டிப் பிரிவில் சிறந்த படத்திற்கு வழங்கப்படுவது தங்க மயில் விருது ஆகும். மயில் உருவம் பொறித்த விருதுடன் 40 இலட்சம் ரூபாய் பரிசுத் தொகையும் உண்டு. இத்தொகையை இயக்குனரும் தயாரிப்பாளரும் சமமாகப் பகிர்ந்து கொள்கின்றனர். வழக்கமாகப் பதினைந்து படங்கள் போட்டியில் இருக்கும். அவற்றை ஐவர் கொண்ட பன்னாட்டு நடுவர் குழு மதிப்பிடுகின்றது. குழுவில் வெளிநாட்டவரே மிகுதி.

தில்லிக் காலத்தில் பரிசு பெற்றவற்றுள் கோவிந்த் நிகலானியின் "ஆக்ரோஷ்" (1981) குறிப்பிடத்தக்கது. மனைவியைக் கொன்றதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட பழங்குடிக் கூலியாளாக ஓம் பூரி நடித்தார். படத்தின் பெரும்பகுதியில் அவர் வாய் திறப்பதில்லை. கதையை எழுதியவர் மராத்தி நாடக ஆசிரியர் விஜய் தெண்டுல்கர். இப்படம் தங்க மயிலைப் பல்கேரியப் படம் ஒன்றுடன் பகிர்ந்து கொண்டது. 1985இலும் விருது பகிரப்பட்டது. சோவியத் இயக்குனர் எல்தார் ரியாசனோவின் படம் ஒன்றும் ஜேம்ஸ் ஐவரியின் "தி பாஸ்டனியன்ஸ்" படமும் அதனைப் பெற்றன.

கோவாவில் தங்க மயில் பெற்ற படங்களிற் சில:

2004 – பியூட்டிபுல் சிட்டி (ஈரான், அஸ்கர் பர்காதி)
2005 – அயர்ன் ஐலண்ட் (ஈரான், முகமது ரசூலாப்)
2008 – துல்பான் (கசகசுத்தான், செர்கேய் துவார்த்சவோய்)
2010 – மொனேர் மானுஷ் (இந்தியா–வங்காளதேசம், கௌதம் கோஷ்)
2011 – போர்பிரியோ (கொலம்பியா, அலெகாந்துரோ லாண்டெசு)
2012 – அன்னே கோரே தா தான் (இந்தியா, பஞ்சாபி, குர்விந்தர் சிங்)
2013 – பியாற்றிசின் போர் (கிழக்குத் திமோர், லூயிஜி அக்குயிஸ்தோ, பெத்தி ரெய்ஸ்)
2014 – லெவியாத்தன் (உருசியா, அந்திரேய் சிவியாகின்செவ்)
2015 – எம்பிரேஸ் ஆப் த சர்ப்பன்ட் (கொலம்பியா, சிரோ குவேரா)
2017 – பிபிஎம் (பிரான்சு, ரொபின் கம்பியோ)
2018 – தன்பாஸ் (உக்ரைன், செர்கேய் லஸ்னீத்சா)
2021 – ரிங் வாண்டரிங் (யப்பான், மசகாசு கனேகோ)
2022 – ஐ ஹாவ் எலெக்ட்ரிக் டிரீம்ஸ் (கோஸ்ட்டா ரிக்கா, வலெந்தினா மௌரெல்)
2023 – எண்ட்லெஸ் பார்டர்ஸ் (ஈரான், அப்பாஸ் அமினி)
2024 – டாக்சிக் (லித்துவேனியா, சவுலே பிலியுவைத்தே)

இவற்றுள் "பியாற்றிசின் போர்", 2002இல் விடுதலை பெற்ற கிழக்குத் திமோர் நாட்டின் முதல் முழுநீளப் படமாகும். "போர்பிரியோ" படத்தின் நாயகன், காவலரின் குண்டடி பட்டு இயங்க முடியாமற் போன உண்மையான மனிதர். தன் வாழ்க்கையைத் தானே நடித்தார். பஞ்சாபிப் படமானது குர்தியால் சிங் எழுதிய நாவலைத் தழுவியது. நிலமற்ற தலித் குடும்பம் ஒன்றின் ஒரு நாளைச் சொல்வது. கோவாவிற்கு வந்த பின், 2024 வரை தங்க மயில் பெற்ற இந்தியப் படங்கள் 2010, 2012ஆம் ஆண்டுகளுக்குரிய இரண்டு மட்டுமே.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஒரு மாற்றம் புலப்படும். போட்டி ஆசிய இயக்குனர்களுக்கெனக் குறுகியிருந்த காலத்தில், விருது அதிகம் அறியப்படாதவரைக் கண்டெடுத்தது. 2004இல் தங்க மயில் பெற்ற பர்காதி, அதன் பின்னரே "எ செப்பரேஷன்", "தி சேல்ஸ்மன்" ஆகிய படங்களுக்காக இருமுறை ஆஸ்கார் விருது பெற்றார். ரசூலாப் பின்னாளில் ஈரான் அரசினால் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, 2024இல் நாட்டை விட்டு வெளியேறினார். ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கப் படங்களுக்கெனப் போட்டி சிறிது விரிந்து, பின்னர் உலகம் முழுமைக்குமாகத் திறந்தது. அதன் பின் பரிசு பெற்றவை பெரும்பாலும் வேறிடத்தில் முன்பே பரிசு பெற்றவை. "லெவியாத்தன்" கானில் சிறந்த திரைக்கதைக்கான விருதையும், "பிபிஎம்" கானின் இரண்டாம் பரிசையும், "டாக்சிக்" லொக்கார்னோவின் தங்கச் சிறுத்தையையும் அதே ஆண்டில் பெற்றிருந்தன. கான், வெனிசு போன்ற விழாக்கள் வேறு போட்டியில் காட்டப்பட்ட படத்தைத் தம் போட்டியில் ஏற்பதில்லை. ஆண்டின் இறுதியில் நடக்கும் கோவாவிற்கு அவ்வாறு வலியுறுத்துவது எளிதன்று. நல்ல படங்கள் அரங்கேறிய பின்னரே இங்கு வந்து சேர்கின்றன. பார்வையாளருக்கு இது நன்மையே. விருதின் தனித்தன்மைக்கு நன்மையா என்பது வேறு.

வெள்ளி மயில்

சிறந்த இயக்குனர், சிறந்த நடிகர், சிறந்த நடிகை ஆகியோருக்கும் நடுவர் குழுவின் சிறப்பு விருதிற்கும் வெள்ளி மயில் வழங்கப்படுகின்றது. தங்க மயில் அரிதாகவே கிட்டிய இந்தியப் படங்களுக்கு வெள்ளி மயில் சற்று எளிதாகக் கிட்டியுள்ளது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி 2018இல் "ஈ.ம.யௌ", 2019இல் "ஜல்லிக்கட்டு" ஆகிய மலையாளப் படங்களுக்காகத் தொடர்ந்து ஈராண்டுகள் சிறந்த இயக்குனர் விருது பெற்றார். "ஈ.ம.யௌ" படத்திற்காகச் செம்பன் வினோத் சிறந்த நடிகராகவும், 2017இல் "டேக் ஆப்" படத்திற்காகப் பார்வதி சிறந்த நடிகையாகவும் தேர்வு பெற்றனர்.

வாழ்நாள் சாதனையாளர் விருது

உலகத் திரைப்படத்திற்குப் பங்களித்த மூத்த கலைஞர் ஒருவருக்கு வழங்கப்படுவது. கிரிசுத்தோப் சானுசி (2012), யிர்சி மென்செல் (2013), வொங் கார்-வாய் (2014), இசபெல் உப்பேர் (2019), ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்தொராரோ (2020), கார்லோஸ் சவுரா (2022), மைக்கேல் டக்ளஸ் (2023) முதலியோர் பெற்றுள்ளனர். சத்யஜித் ராயின் நூற்றாண்டையொட்டி 2021இல் இவ்விருது அவர் பெயரில் வழங்கப்பட்டது. அவ்வாண்டில் மார்ட்டின் ஸ்கோர்செசியும் இஸ்த்வான் சாபோவும் பெற்றனர்.

ஆண்டின் சிறந்த இந்தியத் திரைப்பட ஆளுமை

இந்தியத் திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி 2013இல் தொடங்கப்பட்டது; முதலில் வகீதா ரகுமான் பெற்றார். அடுத்து ரசினிகாந்து (2014), இளையராசா (2015), எஸ். பி. பாலசுப்பிரமணியம் (2016) எனத் தமிழ்த் திரையுலகோடு நெருங்கிய மூவர் தொடர்ச்சியாகப் பெற்றனர். 2019இல் நடந்த 50ஆவது விழாவில் பொன்விழாச் சிறப்பு விருது ஒன்றும் ரசினிகாந்துக்கு வழங்கப்பட்டது.

பிற விருதுகள்

அமைதி, அகிம்சை ஆகிய காந்தியக் கருத்துகளை வெளிப்படுத்தும் படத்திற்கு, யுனெசுக்கோவுடன் தொடர்புடைய பன்னாட்டுத் திரைப்பட, தொலைக்காட்சி மன்றம் காந்தி பதக்கம் வழங்குகின்றது. 2018இல் பிரவீன் மோர்ச்சாலேயின் "வாக்கிங் வித் த விண்ட்" இதனைப் பெற்றது. இது லடாக்கி மொழிப் படம். முதற்படம் எடுத்த இயக்குனருக்கு ஒரு விருதும், 2023 முதல் சிறந்த இணையத் தொடருக்கு ஒரு விருதும் உள்ளன. விருதுகளின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு கூடி வருகின்றது.

சர்ச்சைகள்

விழாவை நடத்துவது அரசாக இருப்பதால், தேர்வுக் குழுவின் முடிவிற்கும் அமைச்சின் விருப்பத்திற்கும் இடையே உரசல் ஏற்படுவதுண்டு. 2017இல் இது வெளிப்படையாயிற்று. சனல்குமார் சசிதரனின் "எஸ் துர்கா" (மலையாளம்), ரவி ஜாதவின் "நியூட்" (மராத்தி) ஆகிய இரு படங்களையும் இந்தியன் பனோரமாக் குழு தேர்ந்தெடுத்திருந்தது. அமைச்சு இரண்டையும் பட்டியலிலிருந்து நீக்கியது. "எஸ் துர்கா" அதே ஆண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் விழாவில் முதற்பரிசு பெற்ற படம். குழுத்தலைவர் சுஜோய் கோஷ் பதவி விலகினார். இயக்குனர் வழக்குத் தொடுத்தார்; கேரள உயர் நீதிமன்றம் படத்தைத் திரையிடுமாறு ஆணையிட்டது. எனினும் தணிக்கை வாரியம் படத்தின் தலைப்பைக் காரணங்காட்டிச் சான்றிதழை மீளாய்வுக்கு உட்படுத்தியது. விழா முடிந்தது, படம் காட்டப்படவில்லை. முன்னர்க் குறிப்பிட்ட 9ஆவது பிரிவின் பொருள் இங்குதான் தெளிவாகின்றது. தணிக்கையிலிருந்து விலக்கு என்பது விழாவின் உரிமையன்று. அரசு தர விரும்பினால் தரும் சலுகையே.

2022ஆம் ஆண்டு நிறைவு விழாவில், நடுவர் குழுத் தலைவரான இசுரேலிய இயக்குனர் நதாவ் லபிட், போட்டியிலிருந்த "தி காஷ்மீர் பைல்ஸ்" படத்தைப் பரப்புரைப் படம் என மேடையிலேயே கண்டித்தார். இந்திய நடுவர் ஒருவர் அது தலைவரின் தனிக்கருத்து என விலகிக் கொண்டார். மற்ற மூவரும் பின்னர் தலைவரை ஆதரித்தனர். இந்தியாவிற்கான இசுரேலியத் தூதர் லபிட்டைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார்.

இவற்றைக் காட்டிலும் குறைவாகவே பேசப்படும் குறை ஒன்றுண்டு. தங்க மயில் பெற்ற படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வருவது அரிது. ஐரோப்பிய விழாக்களில் பரிசு பெறும் படத்திற்கு அந்நாடுகளில் விநியோகத்தர் கிடைப்பர். இங்கு விருதிற்குப் பின் அத்தகைய தொடர்ச்சி இல்லை. கோவாவில் ஒன்பது நாட்கள் காட்டப்பட்ட படங்கள் நாமக்கல்லுக்கோ இராசிபுரத்திற்கோ வந்து சேர்வதில்லை. 1952இல் படச்சுருள்கள் நகரங்களுக்கு இடையே சுமந்து செல்லப்பட்டதை இதனோடு ஒப்பிடலாம். இன்று இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புபவை திரைப்படக் கழகங்களும் இணையத் திரையிடல் சேவைகளும் ஆகும்.

தொடர்புடைய பிற விழாக்கள்

இந்திய விழா கோவாவில் நிலைபெறுவதற்குச் சற்று முன்னும் பின்னுமாக மாநிலங்கள் தத்தம் விழாக்களைத் தொடங்கின. கொல்கத்தா விழா 1995இலும் கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழா 1996இலும் தொடங்கின. கேரள விழாவின் முதற்பரிசு "சுவர்ண சகோரம்" (தங்கச் செம்போத்து) எனப்படும். அங்கு பார்வையாளர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பரிசும் உண்டு.

சென்னையில் 1977 முதல் இயங்கி வரும் இந்தோ திரைப்பட இரசனை அமைப்பு, 2003இல் சென்னைப் பன்னாட்டுத் திரைப்பட விழாவைத் தொடங்கியது. வழக்கமாகத் திசம்பர் மாதத்தில், மார்கழி இசைக் கச்சேரிகளின் காலத்திலேயே, இவ்விழா நடைபெறும். உலகப் படங்களுடன், சிறந்த தமிழ்ப் படத்திற்கான போட்டியும் இதில் உள்ளது. தமிழ்நாடு அரசு நிதியுதவி அளித்து வருகின்றது. கோவா செல்ல இயலாத தமிழக மாணவர்களுக்கு அணுக எளிதானது இதுவே. மாணவர்களுக்கும் உதவி இயக்குனர்களுக்கும் பதிவுக் கட்டணத்தில் சலுகை உண்டு.